உச்சிவெயில் பேய் சாப்பிட்ட சோறு

கம்பம் பள்ளத்தாக்கில் தோன்றிய முதல் பேயும், படமாகப் பிடிக்கப்பட்ட ஒரே பேயும், ஊருக்கெல்லாம் மாமாவும், உனக்கு மட்டும் அப்பனுமாகிய நான், பட்டணத்தில் பேய்ப் படம் எடுக்கத் துணிந்துவிட்ட என் மகனுக்கு எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் முழுக்க உன் கஷ்டம். யுத்தம் முடிந்தும் பிலிம் பஞ்சம் தீரவில்லை. பெரிய படக்காரர்கள் எடுத்து முடித்ததும் மிச்சம் விழுகிற துண்டுகளைக் கெஞ்சி வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறாய். அதைக் கொண்டு ஒரு சின்னப் பேய்க் கதை, கால் மணி நேரம் ஓடினால் போதும். உன் தாய்மாமன் சாகும்போது உனக்கென்று விட்டுப்போன பழைய கைச்சுற்றுக் காமிராதான் கருவி. பேச்சையும் பாட்டையும் பிறகு ஒட்டிக்கொள்வாய். எல்லாம் சரி. இரண்டாம் பக்கத்தில்தானே விஷயத்துக்கு வந்தாய்: "பாடையில் படுக்க ஓர் ஆள் வேண்டும். நீங்களே வந்துவிடுங்கள் அப்பா. போன பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். உங்களுக்கு மேக்கப்பே தேவைப்படாது."

பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும். வேறு வீடாக இருந்தால் இந்நேரம் பட்டணத்துக்குத் தபாலில் செருப்பு வந்து சேர்ந்திருக்கும். எனக்குக் கோபம் வரவில்லை, உண்மையைத்தானே எழுதியிருக்கிறாய். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமப்பா. கண்ணாடியில் என் கன்னத்துக் குழியைப் பார்த்து நானே வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். நான் முழங்காலை மடக்கினால் எழுகிற சத்தம் கூடலூர் வரை கேட்டு, மலையில் யாரோ வெடி வைக்கிறார்கள் என்று தாலுகா ஆபீசுக்கு மனு போயிருப்பதாகக் கேள்வி. படியேறினால் மூச்சு வாங்குகிறது, இறங்கினாலும் வாங்குகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் மட்டும் அது என்னைக் கேட்காமல் தானே போய் வருகிறது. ஆகவே பாடையில் படுப்பது எனக்குச் சிரமமான வேலையே இல்லை. சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பாடை என்ற சொல் வந்ததும் அவள் கை நின்றது. அப்புறம் உரித்ததையும் உரிக்காததையும் ஒரே சட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சரி என்றால்தான் நான் வர முடியும். ஏன் என்பது உனக்குத் தெரியாது. அப்போது நீ அவள் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை.

உன் மாமா பட்டணத்தில் ஒரு படக் கம்பெனியில் எடுபிடி வேலை பார்த்துவிட்டு, அவர்கள் கழித்துப்போட்ட காமிராவை முதுகில் சுமந்துகொண்டு ஊருக்கு வந்து இறங்கிய வருஷம் அது. படங்கள் பேச ஆரம்பிக்காத காலம். கம்பத்துக்கு வெளியே அறுத்த வயலில் ஒரு பயாஸ்கோப் கூடாரம் போட்டிருந்தார்கள். கூடாரக்காரரிடம் உன் மாமா என்ன மந்திரம் போட்டானோ, அவர் பிலிம் வாங்கிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். படம் அவருக்குச் சொந்தம், பெருமை நமக்குச் சொந்தம் என்று ஏற்பாடு. கதையை நான் சொன்னேன். ஒரு சம்சாரி செத்துப்போகிறான். அவன் வயலுக்கு வர வேண்டிய தண்ணீரைப் பக்கத்து வயல்காரன் திருப்பிக்கொள்கிறான். செத்தவன் விடுவானா? தன் மடையைத் தானே திறந்துவிட வருகிறான். அவ்வளவுதான் கதை. இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர்ச் சண்டைக்கு உயிரோடு இருப்பவனே பேயாக மாறுவான் என்பதால், ஜனங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

விளக்கில்லையே, ராத்திரிக் காட்சிக்கு என்ன செய்வேன் என்று நீ புலம்பியிருக்கிறாய். எங்களிடம் மட்டும் என்ன இருந்தது? முழுப் பேய்ப் படத்தையும் உச்சி வெயிலில் எடுத்தோம். அந்தக் காலத்துப் பிலிம் வெயிலைக் குடித்தால்தான் கண் திறக்கும். எடுத்துக் கழுவிய சுருளை ஆண்டிபட்டிச் சாயக்காரர் ஒருவரிடம் வாங்கிய நீலத்தில் முக்கியதும் நடுப்பகல் நடுராத்திரி ஆகிவிட்டது. சேலைக்குப் போகிற நீலம். அதனால் எங்கள் நிலவொளி கொஞ்சம் கல்யாணக் களையோடு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் பேயின் கால். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நடந்து வந்தால் பேய் இல்லை, பக்கத்துத் தெருக்காரன். உன் மாமா ரெண்டு நாள் யோசித்தான். நாற்று நடுவதற்கு முன்னால் வயலைச் சமப்படுத்த மாடு பூட்டி இழுப்பார்களே, பரம்புப் பலகை, அதன் மேல் என்னை வெள்ளை வேட்டி சுற்றி நிறுத்தினான். கயிற்றை நீளமாக விட்டு, மாடு படத்துக்குள் தெரியாதபடி ஓட்டச் சொன்னான். தண்ணீர் நிறைந்த வயலின் மேல் நான் அசையாமல் நின்றபடி வழுக்கிக்கொண்டு வந்தேன். எனக்குக் கீழே தலைகீழாக இன்னொரு நான் வந்தான். மகனே, அன்றைக்கு என்னைப் பார்த்த கொக்குகள் கேரளத்துக்குக் குடிபோய், இன்றுவரை மலையாளம்தான் பேசுகின்றன. இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்: பேயைப் பயங்கரமாக ஆக்காதே. பழகிய இடத்தில், பழகிய வேலைக்கு, பழகாத மாதிரி வரட்டும். போதும்.

பாடைக்கு வருகிறேன். ஊரில் ஒருவனும் படுக்கச் சம்மதிக்கவில்லை, ஆகவே நானே படுத்தேன். தூக்க வந்த நாலு பேரும் என் சிநேகிதர்கள். அவர்களுக்கு ஆட்டுக்கறி உத்தரவாதம். இருந்தும் தோளில் ஏற்றியதும் முன்னால் நின்றவன் பாதையைப் பார்க்காமல் என் முகத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தான். "மாமா, பேசிக்கிட்டே வாங்க. நிறுத்தினீகன்னா போட்டுட்டு ஓடிருவேன்" என்றான். பேசினால் பிணத்தின் வாய் அசையுமே என்று உன் மாமா குதித்தான். கடைசியில் என் தாடையைத் துணியால் கட்டிவிட்டார்கள். நான் அந்தக் கட்டுக்குள்ளேயே மூக்கால் முனகிக்கொண்டு போனேன். என் முனகல் கேட்டவரை அவர்கள் நடந்தார்கள். எனக்கு மூச்சு முட்டி முனகல் நின்ற இடத்தில் அவர்களும் நின்றார்கள்.

அடுத்து அழுவதற்குப் பெண்கள் வேண்டும். உயிரோடிருக்கிறவனைச் சுற்றி உட்கார்ந்து அழ எந்தப் பெண் வருவாள்? கேட்கவே வாய் வராது. உன் மாமாவுக்கு அங்கேதான் புத்தி வேலை செய்தது, அதிகமாகவே வேலை செய்தது. ஒரு கல்யாண வீட்டுக்கு மிளகாய் இடித்துப் பொடி சலித்துக்கொண்டிருந்தார்கள், தெருப் பெண்கள் எல்லாரும். உன் அம்மா நடுவில். "உங்களப் படம் புடிச்சுக் கொட்டகையில காட்டப்போறேன்" என்றான். உடனே எல்லாரும் போய் முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு வந்து, மறுபடி சல்லடையோடு உட்கார்ந்தார்கள். அவன் கீழே சல்லடை தெரியாதபடி தோளும் முகமும் மட்டும் பிடித்தான். மிளகாய் நெடி உனக்குத் தெரியும். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது. சலிக்கச் சலிக்கத் தோள் குலுங்குகிறது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்துகிறாள், ஒருத்தி பக்கத்தில் இருப்பவள் மேல் சாய்ந்து தும்முகிறாள். அதைக் கொண்டுபோய் என் பாடைக்குப் பின்னால் ஒட்டினான். சல்லடை இல்லாமல் பார்த்தால், உலகத்தில் அதைப் போல் ஒரு துக்கம் கிடையாது. நானும் அவனும் தனியாகப் போட்டுப் பார்த்தபோது ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். யாரிடமும் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. சொன்னால் ரசம் போய்விடுமாம்.

கொட்டகையில் முதல் காட்சி. தெருவே திரண்டு போயிற்று. பெண்கள் பக்கம் மணலில் உன் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் பக்கம் நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். பாடை வந்தது. சிரித்தார்கள், என் சிநேகிதர்கள் பேரைச் சொல்லிக் கூவினார்கள். அடுத்து அந்த முகங்கள் வந்தன.

"ஏடி, அது நீதானடி?"

"நாந்தான். பக்கத்துல நீயி. ஆத்தாடி, நம்ம மொளகாப் பொடி சலிச்ச அன்னைக்கு!"

"அப்ப எதுக்குடி முன்னாடி பாடையக் காட்டுனாக?"

அப்புறம் மூக்கம்மா அத்தை எழுந்து நின்றாள். எங்கள் தெருவின் ஹைகோர்ட் அவள்தான். "ஏலே படம் புடிச்சவனே, எங்கன ஒளிஞ்சிருக்க? மொளகாய்க்கு வந்த கண்ணீர எவன் சாவுக்குடா வச்ச?"

"சாவெல்லாம் இல்ல அத்தை, இந்தா இருக்காரு, முறுக்குத் திங்கிறாரு" என்று எவனோ என் பக்கம் கையைக் காட்டினான். கொட்டகை அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால், திரையில் உன் அம்மா. தலை நிறையப் பூ, கழுத்தில் தாலி, கன்னத்தில் வழிகிற கண்ணீர். எனக்காக அழுதுகொண்டிருந்தாள். அதே நேரத்தில் மணலில் இருந்த உன் அம்மா உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து, திரையைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். மறுநாள் காலை வண்டி பூட்டச் சொல்லி, சுருளிப்பட்டிக்கு, அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

நாலைந்து நாள் வீம்பாக இருந்துவிட்டு, கூட்டி வரப் போனேன். உன் தாத்தா வாசலில் நின்று, "மாப்ள அங்கனயே நிக்கட்டும். செத்தவுகளுக்குப் பாய் விரிக்கிற பழக்கம் எங்க வீட்டுல இல்ல" என்றார். உன் அம்மா நிலைப்படிக்கு உள்ளே நின்றாள்.

"வீட்டுக்கு வா புள்ள" என்றேன்.

"வீட்டுல யாரு இருக்காக?"

"நான் இருக்கேன்."

"உங்களுக்குத்தான் அழுது முடிச்சாச்சே."

"அது மொளகாய்க்கு அழுதது."

"பாக்குறவகளுக்கு அது தெரியுமா? நெசமாச் செத்தாக்கூட ஒரு நா அழுது ஓஞ்சிருவாக. இது இன்னைக்கு ஆண்டிபட்டி, நாளைக்குக் கெங்குவார்பட்டி. கொட்டகை போற ஊரெல்லாம் பூவும் பொட்டுமா உக்காந்து உங்களுக்கு அழுதுக்கிட்டே இருக்கணுமா நானு?"

படத்தை எரித்துவிடுகிறேன் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அது கூடாரக்காரருடைய படம், அன்றைக்கே அது வேறு ஊருக்கு வண்டியேறியிருந்தது. அவளே வழி சொன்னாள். "அப்ப எந்திரிச்சு வந்து சாப்பிடுற மாதிரியும் எடுங்க. நான் சோறு போடணும், நீங்க வயிறு நெறயத் திங்கணும். பேய் சோறு திங்காதுல்ல. அழுததுக்குப் பின்னாடி அதையும் ஒட்டச் சொல்லுங்க. அன்னைக்கு வாறேன் வீட்டுக்கு."

உன் மாமாவிடம் ஓடினேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மச்சான், பேய் வந்து பந்தியில உக்காந்தா எவன் பயப்படுவான்? அது கெடக்கட்டும், பிலிமு ஒரு சாண்கூட இல்ல. கூடாரக்காரரு இனி தரவும் மாட்டாரு." கடைசியில் அவன்தான் மெதுவாகச் சொன்னான், "காலியாச் சுத்திருவோமா?" நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில், சுருளிப்பட்டி வீட்டு முற்றத்தில் இலை போட்டார்கள். உன் மாமா காமிராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, இடம் வலம் என்று அதிகாரம் பண்ணி, ஒரு பெரிய கம்பெனிப் படத்துக்கு உண்டான அத்தனை அட்டகாசமும் செய்துவிட்டு, வெறும் பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தான். உன் அம்மா சோறு போட்டாள். மொச்சைக் குழம்பு. நான் தின்றேன். போட்டாள், தின்றேன். ஒரு வருஷத்து விளைச்சலை ஒரே இருப்பில் உள்ளே தள்ளினேன். நெல் வண்டிகள் கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்கு வரிசை கட்டி வந்ததாக உன் மாமா பிற்பாடு சொல்லித் திரிந்தான். அவனோ வியர்த்து ஊற்ற, நிறுத்தவும் பயந்து, சுற்றிக்கொண்டே இருந்தான். "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கங்க" என்று அவள் குனிந்தபோது, கொட்டகையில் எழுந்து போனதற்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்தப் படம் எந்தெந்த ஊருக்குப் போயிற்றோ, எந்தக் கொட்டகையில் நைந்து கிழிந்ததோ, தெரியாது. நீ ஊருக்கு வரும்போதெல்லாம் பரம்புப் பலகைக் கதையை மட்டும் சொல்லிச் சிரிக்க வைத்தேன், சாப்பாட்டுக் கதையைச் சொன்னதில்லை. அவள் படம் பார்க்கப் போய்விடக் கூடாதே என்று, எந்தக் கூடாரம் கம்பத்தில் இறங்கினாலும் எனக்கு வயிற்று வலி வந்துவிடும், உன் அம்மா பக்கத்தில் இருந்து கவனித்தாக வேண்டும். அப்படி எனக்கு வந்த வயிற்று வலிகளை அடுக்கினால் மேகமலை பக்கத்தில் ஒரு குன்றாக நிற்கும். அவள் அந்தக் காட்சி எப்போது வரும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குக் கனமாக இருந்தது. நீ பெரிய தொழிலில் இருக்கிறாய், உனக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வெயிலை எடுத்து ராத்திரி ஆக்கிக்கொள், வயலை எடுத்துப் பேய்க் காடு ஆக்கிக்கொள், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். ஒருத்தர் முகத்தில் வருகிற கண்ணீரை எடுத்து வேறு ஒரு துக்கத்துக்குப் பக்கத்தில் வைப்பதானால், முதலில் அவரிடம் போய்ச் சொல்லு. ரசம் போனால் போகட்டும்.

உன் கடிதத்தை வாசித்த அன்று உள்ளே போனவள், மறுநாள் சோறு போடும்போது வாயைத் திறந்தாள். "போயிட்டு வருவோம். நானும் வாறேன்" என்றாள். எனக்குக் கையில் எடுத்த உருண்டை கையிலேயே நின்றது. "பாடையில படுக்குறேன்னு எழுதுங்க. ஆனா முடிஞ்சதும் அங்கனயே எலை போடணும். நான் சோறு போடணும். அன்னைக்கு மாதிரி."

"இப்பப் பிலிமு கெடைக்கிறதே பெரும்பாடுன்னு எழுதியிருக்கான்ல" என்று மெல்ல இழுத்தேன்.

"காலிப் பெட்டியச் சுத்தச் சொல்லுங்க. என் தம்பி சுத்துனானே, அப்படி."

மகனே, எத்தனை வருஷம்! பேயாக நடித்தவன் நான், பேயறைந்தவனாக உட்கார்ந்திருந்ததும் நான். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "தெரியாமலா? மொளகா சலிச்ச அன்னைக்கு என் காதுகிட்டத்தான அந்தப் பெட்டி நின்னுச்சு. கொர்ர்ருன்னு நெறவா ஒரு சத்தம். சோறு போட்ட அன்னைக்கு லொடலொடன்னு, பாரம் எறக்கின வண்டி மாதிரி. இது தெரியாதா சம்சாரி வீட்டுப் பிள்ளைக்கு?"

"தெரிஞ்சும் ஏன் வந்த?"

"நான் போட்டேன், நீங்க தின்னீக. அவன் கை வலிக்க வலிக்க நிறுத்தாமச் சுத்துனான். நான் பாத்தேன். ஊரு பாத்தா என்ன, பாக்காட்டி என்ன?" சொல்லிவிட்டு, "ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

ஆகவே வருகிறோம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ் மதுரை வரை எங்களை உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தால், அங்கிருந்து ரயில். பாடையைக் கொஞ்சம் தாழ்வாகக் கட்டு, ஏறுவதற்கு என் முழங்கால் ஒப்ப வேண்டும். தூக்குகிறவர்களுக்கு நான் முனகுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு, இந்தத் தடவை தாடையில் கட்டு இல்லாமலே முனகல் வரும். நீ எழுதியது சரிதான், எனக்கு மேக்கப் தேவையில்லை. இதற்கு அடுத்த தடவை நான் பாடையில் ஏறும்போது, இறங்கி வந்து இலைக்கு முன்னால் உட்காரப் போவதில்லை. அது உன் அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறாள்.

காலிப் பெட்டி போதும் என்று அவள் சொன்னதை எழுதிவிட்டேன். அது அவள் சொன்னது. இனி நான் சொல்வது: நீ சேர்த்து வைத்திருக்கிற துண்டுகளில் நல்லதாக ஒன்றைப் பேய்க்குக் கொடுக்காமல் தனியாக எடுத்து வை. இலை போட்டதும், அவள் குனிந்து முதல் கரண்டி வைக்கும்போது சுற்று. பெட்டியில் பிலிம் இருக்கிறது என்று அவளிடம் சொல்ல வேண்டாம். சத்தத்திலேயே தெரிந்துகொள்வாள்.